வூலீஸ் போன கதை: 807 கடைகள், 11 நாட்கள்

விற்க ஒன்றுமே இல்லாத கடையில் ஆட்கள் வரிசையாக நின்றதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். 2009 ஜனவரி, கிழக்கு லண்டன், எங்கள் ஹை ஸ்ட்ரீட் கடைத்தெருவில் இருந்த வூல்வொர்த்ஸ், எல்லாரும் செல்லமாக வூலீஸ் என்று கூப்பிட்ட மலிவுக் கடைத் தொடரின் ஒரு கிளை. பொம்மை இல்லை, இனிப்பு இல்லை, பல்ப் இல்லை, ஒரு பென்சில்கூட இல்லை. சாமான் அடுக்கி வைத்திருந்த இரும்புத் தட்டுகளையே கழற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். கொக்கிகள், கூடைகள், கூரையிலிருந்து தொங்கிய அறிவிப்புப் பலகைகள் எல்லாவற்றுக்கும் விலை ஒட்டியிருந்தது. ஒரு மனுஷன் உடுப்புத் தொங்கவிடும் ஸ்டாண்ட் இரண்டைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறப் பார்த்தார், டிரைவர் ஏற்றவில்லை. வெளியே பெயர்ப்பலகை மட்டும் பழைய சிவப்பில் அப்படியே இருந்தது.

அந்த நாட்களில் பிரிட்டன் முழுக்க இதே காட்சிதான். 2008 டிசம்பர் 27ஆம் திகதி மூடத் தொடங்கினார்கள், ஜனவரி 6ஆம் திகதி முடித்தார்கள். 11 நாளில் 807 கடைகள். ஏறக்குறைய 27,000 பேருக்கு வேலை போனது. பிரிட்டனில் அவர்களின் நூறாவது பிறந்தநாளுக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது.

இப்போதும் எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஒரு கலியாண வீட்டில் ஒன்றாக இருந்தால் போதும், பேச்சு எப்படியாவது வூலீஸில் வந்து நிற்கும். அப்புறம் யாராவது ஒருவர் "இன்டர்நெட் வந்து எல்லாத்தையும் விழுங்கிப்போட்டுது" என்று முடித்து வைப்பார், எல்லாரும் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழும்புவார்கள். எனக்கு அந்த ஒற்றை வரி விளக்கம் ஒருநாளும் பிடித்ததில்லை. கொஞ்சம் கிளறிப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது, அதில் அன்பாக நினைவுகூரும் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அங்கே நாங்கள் என்ன வாங்கினோம்

1988இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா இரவில் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்தார். சனிக்கிழமை காலையில் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் வூல்வொர்த்ஸ் திறக்கும் வரைக்கும் வெளியே நின்று, பிளக்கும் ஃபியூஸும் வாங்கிக்கொண்டு வருவார். ஏன் பிளக் என்று இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்காது. அந்தக் காலத்தில் இங்கே மின்சாதனம் வாங்கினால் பல நேரம் வயர் மட்டும்தான் இருக்கும், நுனியில் பிளக் இருக்காது, நீங்களே வாங்கிப் பூட்ட வேண்டும். 1994இல் சட்டம் வந்த பிறகுதான் வீட்டுச் சாதனங்களைப் பிளக்கோடு விற்க வேண்டும் என்று ஆனது. அப்பா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிளக்கைத் திறந்து, மண்ணிற வயரை வலப்பக்கம், நீலத்தை இடப்பக்கம், பச்சை-மஞ்சளை மேலே என்று பூட்டுவார். நான் டார்ச் பிடிப்பேன். ஆங்கிலத்தில் நிறங்களின் பெயரை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அந்தப் பிளக் அட்டையின் பின்பக்கத்தில்தான் படித்தேன்.

பிக் அண்ட் மிக்ஸைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையை யாரும் நம்பமாட்டார்கள். கண்ணாடி மாதிரியான பெட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு வகை இனிப்பு, ஒரு சின்ன அகப்பை, ஒரு பை. கோலா போத்தில், வெள்ளை எலி, இறால் வடிவத்தில் ஒரு பஞ்சு இனிப்பு. நீங்களே அள்ளிப் போட்டுக்கொண்டு போய் நிறுக்க வேண்டும். பெட்டி முன்னால் நின்று, எது பாரம் குறைவு எது கூட என்று கணக்குப் போடுவதில் எனக்கும் தங்கச்சிக்கும் அரை மணித்தியாலம் போகும். பஞ்சு இறால் பாரமே இல்லை, அதனால் எண்ணிக்கைக்கு அது. ஃபட்ஜ் பாரம், ஆனால் ருசி. இதெல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது, பெரியம்மா கனடாவிலிருந்து வந்து எங்களோடு ஒரு மாதம் நிற்கும் வரைக்கும். பெரியம்மா சுத்த சைவம். ஒரு நாள் கோலா போத்திலை விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, உது என்னத்தில செய்தது எண்டு கேட்டனியே?" என்றார். நான் போய்க் கேட்டேன். ஜெலட்டின் என்றார்கள். அகராதியைப் பார்த்தோம். மாட்டெலும்பு, பன்றித் தோல். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஃபட்ஜும் டொஃபியும் மட்டும்தான் சட்டபூர்வம். மற்றதெல்லாம் பஸ் தரிப்பிடத்திலேயே தின்று முடிக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஜனவரி மாதம் முக்கியம். கிறிஸ்மஸ் முடிந்ததும் மின்சார விளக்குச் சரங்களையும் தங்க ஜரிகை மாதிரி மினுங்கும் மாலைகளையும் பாதி விலைக்குப் போடுவார்கள். அம்மா வாங்கி, பொதி பிரிக்காமல் அலுமாரியில் வைத்து, ஒக்டோபரில் தீபாவளிக்கு எடுப்பார். எங்கள் சாமியறையில் பிள்ளையாருக்குப் பின்னால் மினுங்கியது எல்லாம் வூல்வொர்த்ஸ் கிறிஸ்மஸ் அலங்காரம்தான். இது எங்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் நான் போன தமிழ் வீடு பாதியில் அதே மாலை.

இந்தக் கடையை அம்மாவுக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு வரலாம்" என்றார். அவ்வளவுதான். சாமான் கண்ணுக்கு முன்னால், விலை அதன் மேல், எடுத்துப் பார்க்கலாம், திருப்பி வைக்கலாம், யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிய காலத்தில் அது பெரிய நிம்மதி. அம்மா அறியாமலே சொன்ன இந்த ஒரு வரியில்தான் அந்த நிறுவனத்தின் முழு வரலாறும் இருக்கிறது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆறு பென்ஸ்

ஃபிராங்க் வின்ஃபீல்ட் வூல்வொர்த் என்ற அமெரிக்கர் 1879இல் நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் 'எல்லாம் ஐந்து சென்ட்' என்று ஒரு கடை போட்டார், அது ஓடவில்லை. அதே வருடம் பென்சில்வேனியாவில் லங்காஸ்டரில் போட்டார், பிடித்துக்கொண்டது. முப்பது வருடம் கழித்து, 1909 நவம்பர் 5ஆம் திகதி, லிவர்பூல் சர்ச் ஸ்ட்ரீட்டில் பிரிட்டனின் முதல் கடையைத் திறந்தார்கள். இங்கே பொறுப்பாக இருந்தவர் அவருடைய உறவினர் ஃபிரெட் மூர் வூல்வொர்த்.

விதி ஒன்றே ஒன்று. மூன்று பென்ஸ் அல்லது ஆறு பென்ஸ், அதற்கு மேல் எதுவும் இல்லை. பழைய காசில் ஆறு பென்ஸ் என்றால் ஒரு பவுண்டில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த எல்லைக்குள் அடங்காத சாமானுக்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள்: பிரித்து விற்பது. சட்டிக்கு ஒரு விலை, மூடிக்கு ஒரு விலை. கேமராவைக்கூடப் பாகம் பாகமாக விற்றார்கள், முன்பக்கம் ஆறு பென்ஸ், பின்பக்கம் ஆறு பென்ஸ். இந்த வாரம் பாதி, சம்பளம் வந்ததும் மீதி. எங்கள் ஊரில் சீட்டுப் பிடித்துச் சாமான் வாங்குகிற ஆட்களுக்கு இந்த மூளை உடனே விளங்கும்.

ஆனால் விலையைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடைகளில் வழக்கமாக சாமான் கடைக்காரருக்குப் பின்னால் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டும், அவர் எடுத்துக் காட்டுவார், காட்டிவிட்டால் வாங்காமல் வருவது வெட்கம். வூல்வொர்த்ஸில் எல்லாம் மேசையில் திறந்தபடி கிடக்கும். தொட்டுப் பார்க்கலாம், சும்மா சுற்றிவிட்டு வெறுங்கையோடு வெளியே வரலாம். கையில் காசு இல்லாதவர்களும் தலை குனியாமல் நுழையக்கூடிய பெரிய கடை. 1909இல் லிவர்பூல் துறைமுகத் தொழிலாளியின் மனைவிக்குக் கிடைத்த அதே வசதிதான் 1988இல் என் அம்மாவுக்குக் கிடைத்தது.

வளர்ச்சி வேகமாக இருந்தது. 1931இல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது, பாதிக்கு மேல் பங்கு அமெரிக்கத் தாய் நிறுவனத்திடமே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது விலை ஏறியதும் ஆறு பென்ஸ் எல்லையைக் கைவிட வேண்டி வந்தது. போர் அந்தக் கடையில் நேரடியாகவும் விழுந்தது. 1944 நவம்பர் 25, சனிக்கிழமை மத்தியானம், தென்கிழக்கு லண்டன் நியூ கிராஸில் வூல்வொர்த்ஸ் மேல் ஜெர்மனியின் வி-2 ராக்கெட் விழுந்து 168 பேர் செத்தார்கள். சனிக்கிழமை என்பதால் கடை நிறைய ஆட்கள், தாய்மாரும் பிள்ளைகளும்.

போருக்குப் பிறகும் ஏற்றம்தான். 1958இல் சசெக்ஸில் போர்ட்ஸ்லேடில் ஆயிரமாவது கடை. 1979இல் இன்னொரு கறுப்பு நாள். மான்செஸ்டர் கடையில் மே 8ஆம் திகதி தீப்பிடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். தீ தளபாடப் பகுதியில் தொடங்கியது, மெத்தை இருக்கைக்குள் இருந்த நுரைப் பஞ்சு எரிந்து விஷப் புகையைக் கக்கியது. அதன் பின் எழுந்த குரல்களால்தான் 1988இல் தளபாடத் தீ பாதுகாப்பு விதிகள் வந்தன. பிரிட்டனில் இருக்கிறவர்கள் உங்கள் சோபாவின் மெத்தைக்கடியில் கையை விட்டுப் பாருங்கள், ஒரு எச்சரிக்கை அட்டை தைத்திருக்கும். அதற்குப் பின்னால் அந்தப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு

நோய் எப்போது தொடங்கியது என்று கேட்டால் நான் 1982 என்பேன். அந்த வருடம் அமெரிக்கத் தாய் நிறுவனம் தன் பங்கை விற்றது, பேட்டர்னாஸ்டர் என்ற பெயரில் சேர்ந்த பிரிட்டிஷ் முதலீட்டாளர்கள் 310 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது பிக் அண்ட் மிக்ஸ் மேல் ஆசை வைத்தா? ஊருக்கு ஊர் கடைத்தெருவின் நடுவில் சொந்தக் கட்டடங்கள் இருந்தன. அதோடு 1980இல் வூல்வொர்த்ஸ் வாங்கியிருந்த பி அண்ட் கியூ என்ற வீட்டுப் பராமரிப்புச் சாமான் கடைத் தொடரும் சேர்ந்து வந்தது. பிறகு காமெட் என்ற மின்சாதனக் கடைத் தொடரை வாங்கினார்கள், சூப்பர்டிரக் என்ற அழகுசாதனக் கடைத் தொடரை வாங்கினார்கள், 1989இல் கூட்டுக்கு கிங்ஃபிஷர் என்று பெயர் மாற்றினார்கள். வூல்வொர்த்ஸ் என்ற பெயரே கூட்டின் தலைப்பிலிருந்து போய்விட்டது.

இடையில் 1984இல் அயர்லாந்துக் கடைகளை மூடினார்கள். 1986இல் என்னென்ன விற்பது என்று வடிகட்டினார்கள். உணவு போனது, பெரியவர்களின் உடுப்பு போனது. மிஞ்சியது இனிப்பு, பொம்மை, இசைத்தட்டும் வீடியோவும், லேடிபேர்ட் என்ற பெயரில் பிள்ளை உடுப்பு, வீட்டுச் சில்லறைச் சாமான். நான் அறிந்த வூல்வொர்த்ஸ் இந்த வடிகட்டிய வூல்வொர்த்ஸ்தான். எங்களுக்கு அது முழுக்கடை போலத் தெரிந்தது, மூத்த ஆங்கிலேயருக்கு அது ஏற்கெனவே பாதிக்கடை.

2001இல் கிங்ஃபிஷர் வூல்வொர்த்ஸைத் தனியாகப் பிரித்துப் பங்குச் சந்தைக்கு அனுப்பியது. அனுப்பும் முன் 182 கடைக் கட்டடங்களை 614 மில்லியன் பவுண்டுக்கு விற்று, அதே கட்டடங்களில் வூல்வொர்த்ஸை வாடகைக்கு இருத்தியது. இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தக் கஷ்டமில்லை. பிள்ளையைத் தனிக்குடித்தனம் அனுப்பும்போது அவன் இருக்கும் வீட்டை விற்றுக் காசை நீங்கள் வைத்துக்கொண்டு, "இனி மாசாமாசம் வாடகை கட்டு" என்று சொல்கிற கதை. அந்தக் காலத்தில் பிரிட்டனில் கடை வாடகை ஒப்பந்தத்தில் மறுபரிசீலனை என்று வந்தால் பெரும்பாலும் அது மேல்நோக்கி மட்டும்தான். வியாபாரம் இறங்கினாலும் வாடகை இறங்காது.

வாடகைதான் கொன்றது என்று இங்கேயே முடித்துவிடலாம், பலர் முடிக்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மை. மீதிப் பாதி இதுதான்: அதே காலத்தில் டெஸ்கோவும் ஆஸ்டாவும் பொம்மை, டிவிடி, பிள்ளை உடுப்பு எல்லாம் விற்கத் தொடங்கிவிட்டன. பால் வாங்கப் போகிற இடத்தில் பிறந்தநாள் பரிசும் எடுக்கலாம் என்றால் தனியாக வூலீஸுக்கு ஏன் போக வேண்டும்? இதில் ஒரு வேடிக்கை, சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு இசைத்தட்டும் டிவிடியும் மொத்தமாக வழங்கியவர்களில் வூல்வொர்த்ஸ் குழுமத்தின் சொந்த விநியோக நிறுவனமும் ஒன்று, என்டர்டெயின்மென்ட் யூகே. தன்னை வெட்டுகிற கத்தியைத் தானே தீட்டிக்கொடுத்து அதில் லாபமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே 'பிக் டபிள்யூ' என்று பெரிய கடைகள் போட்டுப் பார்த்தார்கள், சில வருடத்தில் கைவிட்டார்கள்.

இனி எங்கள் பங்குக்கு வருகிறேன். மேலே நான் எழுதிய நினைவுகளைத் திரும்பிப் பாருங்கள். பிளக், ஃபியூஸ், கால் கிலோ இனிப்பு, பாதி விலையில் விளக்குச் சரம். எங்கள் முதல் டிவி வேறு கடை. சோபா வேறு கடை. அப்பாவின் கோட் சி அண்ட் ஏ என்ற உடுப்புக் கடை. தங்கச்சியின் பள்ளிச் சீருடை வேறு கடை. இருபது வருடத்தில் எங்கள் குடும்பம் வூல்வொர்த்ஸில் ஒரே தடவையில் பத்துப் பவுண்டுக்கு மேல் செலவழித்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதுவும் முழு விலை கொடுத்து வாங்கியது இன்னும் குறைவு. போகிற வழியில் நுழைகிற கடை அது. அதற்கென்று வெளிக்கிட்டுப் போகிற கடையாக அது எங்களுக்கு ஒருநாளும் இருக்கவில்லை. பிள்ளைப் பருவம் முழுக்க அங்கே கழிந்தது போல ஞாபகம், ரசீதுகளைக் கூட்டினால் ஒன்றும் தேறாது. கலியாண வீட்டில் வூலீஸ் கதை சொல்கிற எல்லாரிடமும் நான் கேட்டிருக்கிறேன்: கடைசியாக எப்போது, என்ன வாங்கினீர்கள்? அப்போது ஒரு சின்ன மௌனம் வரும்.

அந்த இலையுதிர்காலம்

2008இன் முதல் அரையாண்டில் நட்டம் ஏறக்குறைய 100 மில்லியன் பவுண்டு. ஒகஸ்டில் ஐஸ்லாந்து சூப்பர்மார்க்கெட்டின் தலைவர் மால்கம் வாக்கர் கடைகளை வாங்கக் கேட்டார், நிர்வாகம் மறுத்தது. செப்டெம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க வங்கி விழுந்து உலகமே ஆடிப்போனது.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, கடை வைத்திருக்கிறவர்களுக்கு உடனே பிடிபடும். பெரிய கடைகள் சாமானைக் கடனுக்குத்தான் எடுக்கின்றன, விற்ற பிறகுதான் காசு. கொடுக்கிறவர், கடை விழுந்தால் தன் காசு போகக்கூடாது என்று கடன் காப்புறுதி எடுத்து வைத்திருப்பார். 2008இல் காப்புறுதிக் கம்பனிகள் வூல்வொர்த்ஸுக்கான காப்பை இழுத்துக்கொண்டன. உடனே சாமான் கொடுப்பவர்கள் "முதலில் காசை வை" என்றார்கள். அதுவும் எந்த நேரத்தில்? கிறிஸ்மஸுக்குச் சாமான் நிரப்ப வேண்டிய நேரத்தில். வருடத்தின் லாபம் முழுக்க அந்த ஆறு வாரத்தில் இருக்கிற கடைக்கு அது மூச்சுக்குழாயில் கைவைத்த மாதிரி. நவம்பரில் ஹில்கோ என்ற நிறுவனத்துக்குக் கடைகளை ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது. அதுவும் சரிவரவில்லை.

நவம்பர் 26ஆம் திகதி நிறுவனம் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது, அதாவது கடன் கட்ட முடியாமல் பொறுப்பு வெளியாள் கைக்குப் போகும் நிலை; கடன் 385 மில்லியன் பவுண்டு. டெலாய்ட் என்ற கணக்காய்வு நிறுவனத்தின் ஆட்கள் பொறுப்பெடுத்தார்கள். தளபாடக் கடைத் தொடரான எம்எஃப்ஐயும் அதே நாள்தான் விழுந்தது. என்டர்டெயின்மென்ட் யூகேயும் கூடவே விழுந்ததால் அதனிடம் சாமான் எடுத்த ஸாவி இசைக்கடைகள், முன்பு வர்ஜின் மெகாஸ்டோர் என்று இருந்தவை, கிறிஸ்மஸுக்கு முதல் நாள் விழுந்தன. டிசம்பர் 11ஆம் திகதி கடை மூடும் விற்பனை தொடங்கியது. அப்போதுதான் கூட்டம் வந்தது பாருங்கள், கதவைத் திறக்க முடியாத கூட்டம். நானும் போனேன். பத்து வருடமாக எட்டிப் பார்க்காத முகங்களை எல்லாம் அங்கே கண்டேன், என் முகமும் அதில் ஒன்று. கவுன்டரில் நின்ற பெண் ஒவ்வொருவரும் "என்ன பாவம், எவ்வளவு நல்ல கடை" என்று சொல்லச் சொல்ல தலையை நிமிர்த்தாமல் விலை அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த மாதம் சம்பளம் இல்லை.

ஒரே கடையா, 807 கடையா

வேலை போனவர்களின் கதையை நினைவுக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை. எனக்கு இந்த விவகாரத்திலேயே மிகவும் உறுத்துவது அதுதான்.

பிரிட்டனின் 1992ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி, 90 நாளுக்குள் 'ஒரு இடத்தில்' இருபது பேரை அல்லது அதற்கு மேல் வேலையிலிருந்து நிறுத்துவதானால் முன்கூட்டியே தொழிற்சங்கத்தோடு கலந்து பேச வேண்டும். பேசாவிட்டால் நட்டஈடு. வூல்வொர்த்ஸ் விடயத்தில் ஒழுங்காகப் பேசவில்லை என்று கடை ஊழியர்களின் தொழிற்சங்கமான உஸ்டோ வழக்குப் போட்டு வென்றது, ஏறக்குறைய 24,000 பேருக்கு 60 நாள் சம்பளம் கிடைத்தது. ஆனால் இருபது பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்த சின்னக் கடைகளில் இருந்த 3,200 பேருக்கு மேல் ஒரு சதமும் இல்லை. ஒவ்வொரு கடையும் தனி இடமாம்.

சங்கம் விடவில்லை. 2013இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தச் சின்னக் கடை ஊழியர்களின் பக்கம் நின்றது. அரசாங்கம் மேலே கொண்டுபோக, வழக்கு லக்ஸம்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது, 2015 ஏப்ரல் 30ஆம் திகதி அது சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விளம்பரத்துக்கு ஒரே பெயர், சம்பளப் பட்டியலுக்கு ஒரே நிறுவனம், மூடுவதற்கு ஒரே முடிவு, நட்டஈடு என்று வந்ததும் அது 807 தனித்தனிக் கடை. 18 பேர் இருந்த கடையில் இருபது வருடம் நின்று வேலை செய்தவருக்கு ஒன்றும் இல்லை, அடுத்த ஊரில் 25 பேர் கடையில் ஆறு மாதம் நின்றவருக்கு 60 நாள் சம்பளம். சட்டம் தெரிந்தவர்கள் இதற்கு நியாயம் சொல்வார்கள். எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

பிறகு வந்தவை

டோர்செஸ்டரில் கடையின் முன்னாள் மேலாளர் ஒருவர் அதே கட்டடத்தில், அதே மாதிரிச் சாமானோடு, 'வெல்வொர்த்ஸ்' என்று 2009 மார்ச்சில் திறந்தார். பத்திரிகைகள் கொண்டாடின. 2012இல் அதுவும் மூடியது. வூல்வொர்த்ஸ் என்ற பெயரை ஷாப் டைரக்ட் நிறுவனம் வாங்கி இணையத்தில் நடத்திப் பார்த்தது, 2015இல் அதையும் நிறுத்தியது. இன்டர்நெட்தான் கொன்றது என்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டும்: இன்டர்நெட்டுக்குள்ளேயே போயும் அந்தப் பெயரால் பிழைக்க முடியவில்லை. கடைசிப் பை பிக் அண்ட் மிக்ஸ் இபேயில் ஏலம் போனது, 14,500 பவுண்டு, காசு அறக்கொடைக்கு.

அமெரிக்கத் தாய் நிறுவனம் 1997இலேயே தன் பழைய மலிவுக் கடைகளை மூடிவிட்டு விளையாட்டுச் சப்பாத்து விற்கப் போய்விட்டது, இன்றைக்கு அதன் பெயர் ஃபுட் லாக்கர். ஜெர்மனியிலோ வூல்வொர்த் 2009இல் திவாலாகி, பிறகு கை மாறி, இப்போது நூற்றுக்கணக்கான கடைகளோடு ஓடுகிறது. மலிவு விலையில் வீட்டுச் சாமான், அவ்வளவுதான் நாங்கள் என்று முடிவெடுத்து நின்றார்கள். பிரிட்டனிலும் பவுண்ட்லேண்ட், பி அண்ட் எம், ஹோம் பார்கெயின்ஸ் என்று அதே வியாபாரத்தைச் செய்து பெருத்தவர்கள் இருக்கிறார்கள், பலர் வூல்வொர்த்ஸின் பழைய கட்டடங்களிலேயே. மலிவுக் கடைக்கு ஆள் இல்லாமல் போகவில்லை. இது மலிவுக் கடையா, இசைக்கடையா, பொம்மைக் கடையா என்று வூல்வொர்த்ஸுக்கே தெரியாமல் போய்விட்டது.

மற்றக் கடைத் தொடர்களும் போயின. சி அண்ட் ஏ 2001இல் பிரிட்டனை விட்டுப் போனது. 2015இல் ஒரு பவுண்டுக்குக் கை மாறிய பிஎச்எஸ் அடுத்த வருடமே போனது. டெபனம்ஸின் கடைகள் 2021இல், வில்கோவின் கடைகள் 2023இல். ஒவ்வொன்றுக்கும் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். நியூ கிராஸில் ராக்கெட் விழுந்த இடத்தில் திரும்பக் கட்டிய கட்டடத்தில் இப்போது ஐஸ்லாந்து சூப்பர்மார்க்கெட், சுவரில் ஒரு நினைவுப் பலகை. உறைந்த பட்டாணி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

அந்த ஜனவரியில் நான் வாங்கியதைச் சொல்லவில்லையே. கம்பிக் கூடை ஒன்று, கைப்பிடியில் சிவப்பு பிளாஸ்டிக். ஒரு பவுண்டு சொன்னார்கள், பேரம் பேசவில்லை. இப்போது அது அம்மாவின் சமையலறையில் மேசைக்கடியில் இருக்கிறது, சின்ன வெங்காயம் போட. கம்பி இடைவெளியால் சருகு முழுக்கத் தரையில் கொட்டுகிறது என்று கிழமைக்கு ஒரு தடவையாவது சத்தம் போடுவார். வேறு கூடை வாங்கித் தரட்டுமா என்று கேட்டால், "உது கிடக்கட்டும்" என்று விளக்குமாற்றை எடுப்பார்.